பழைய காருக்கு எந்தப் பசை? பீளமேட்டு ரோடு சொல்லும் பதில்!

கோவை உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸில் இறங்கிவிடலாம். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் சிக்னலே இல்லாமல் கொண்டுபோய் விடுகிறது. பாலத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஜி.டி. நாயுடு. ஆனால், அந்தப் பெயருக்கான காரணம் தெரிய வேண்டுமென்றால் பாலத்தில் ஏறக் கூடாது. கீழே அவிநாசி ரோட்டிலேயே, சிக்னலுக்கு சிக்னல் நின்று பீளமேடு வரை போக வேண்டும்.

இந்த ரோட்டில் மில்லைப் பார்க்கலாம், மோட்டாரைப் பார்க்கலாம், காலேஜைப் பார்க்கலாம். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே போனால், வீட்டுக் கொட்டகையில் தாத்தாவின் அம்பாசிடரையோ அப்பாவின் பத்மினியையோ மூடி வைத்திருப்பவர்களின் கேள்வி ஒன்றுக்குப் பதிலும் கிடைக்கும். கதவோரத்தில் பிய்ந்து தொங்கும் ரப்பர் பீடிங்கை எந்தப் பசை போட்டு ஒட்டுவது?

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். பழைய காரின் உடம்பு அழுகத் தொடங்குவது பெரும்பாலும் அந்தச் சின்ன இடத்தில்தான்.

ரப்பரே இல்லாத கார்

பீளமேட்டை எட்டுவதற்கு முன்பே, நகரத்துப் பக்கம் அவிநாசி ரோட்டின் மேலேயே இருக்கிறது ஜி.டி. கார் மியூசியம். 2015-ல் திறக்கப்பட்டது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அரை நாள் போவதே தெரியாது.

அங்கே இருக்கும் பழைய வடிவங்களில் முக்கியமானது, கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியின் மாதிரி. 1886 ஜனவரி 29 அன்று அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வண்டி அது. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, கூரையும் கிடையாது. மழை பெய்தால் ஓட்டுபவர் நனைய வேண்டியதுதான். பீடிங் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

1908-ல் வந்த போர்டு மாடல்-டி காரிலும் ஆரம்ப வருடங்களில் திறந்த உடம்புதான் அதிகம். மேலே ஒரு துணிக் கூரை, முன்னே ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். 1920-களில்தான் நாலு பக்கமும் மூடிய கார்கள் பெருகின. மூடிய பிறகுதான் புதிய தலைவலி பிறந்தது. இரும்புக் கதவும் இரும்புச் சட்டமும் எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் நடுவே இடைவெளி இருக்கும். அதன் வழியே தண்ணீர் வரும், தூசு வரும், சத்தமும் வரும். அந்த இடைவெளியை அடைக்க மெத்தென்று அமுங்கி, மறுபடி எழுந்து நிற்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. அந்த வேலையை ரப்பர் எடுத்துக்கொண்டது.

மியூசியத்தில் எல்லோரும் பார்ப்பது காரின் முகப்பை. ஒரு முறை கதவோரத்தையும் கண்ணாடி விளிம்பையும் பார்த்துக்கொண்டே நடந்தால், காரின் வரலாறு வேறு மாதிரி தெரியும். காற்றையும் மழையையும் வெளியே நிறுத்த மனிதன் என்ன பாடுபட்டிருக்கிறான் என்பதும் புரியும். பார்க்க மட்டும்தான், தொடக் கூடாது!

பிரித்துப் பூட்டும் ஊர்

லட்சுமி மில்ஸ், நவ இந்தியா என்று தாண்டி வந்தால் பீளமேடு. பூளைப்பூ நிறைந்த மேடு என்பதால் பூளைமேடு, அதுவே பீளமேடு ஆனது என்பார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் கொங்கு வீடுகளில் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டும் அதே வெள்ளைப் பூளைப்பூதான். இன்று அந்த மேட்டில் பூவைத் தேட வேண்டும். பட்டறையைத் தேட வேண்டியதில்லை.

கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார் என்பது கோவையில் பல வீடுகளில் சொல்லப்படும் கதை. வாங்கி ஓட்டியதோடு நிற்கவில்லை. நட்டு நட்டாகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிப் பார்த்தார் என்பதுதான் கதையின் முக்கியமான பகுதி. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ் விட்டார். அது வளர்ந்து யு.எம்.எஸ். பஸ் கம்பெனி ஆனது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரைக் கொண்டுவந்தது இந்தப் பீளமேட்டில்தான்.

அதே ரோட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-லிருந்து இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ‘ஹோப் காலேஜ்’ பஸ் ஸ்டாப். அந்தப் பெயரில் இப்போது அங்கே காலேஜ் எதுவும் இல்லை. 1945-ல் மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியின் நினைவு மட்டும் பஸ் ஸ்டாப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் கிழக்கே போனால் ‘சிட்ரா’. 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம் அது.

மில்லுக்கும் கார் ரப்பருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. நூற்பு மெஷினில் பஞ்சை இழுத்து நீட்டும் மேல் உருளைகளுக்கு ரப்பர் உறை போட்டிருப்பார்கள். மில்காரர்கள் அதை ‘காட்ஸ்’ என்பார்கள். அந்த உறையின் மேல்பகுதி பள்ளம் விழுந்தால் நூல் கெடும். அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றி, உரசிச் சமமாக்குவதற்கென்றே மில்லில் ஆள் உண்டு. பம்புசெட்டுக்கும் அப்படித்தான். வாஷரும் சீலும் சரியில்லையென்றால் எத்தனை குதிரைத் திறன் மோட்டார் இருந்தும் தண்ணீர் ஏறாது. மில்லும் பம்பும் இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. இரும்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நடுவே இருக்கும் ரப்பர்தான் அதை வேலை செய்ய வைக்கிறது.

ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு என்று சுற்றியிருக்கும் பட்டறைகளில் பழைய பாகம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால், ‘இது கிடைக்காது’ என்ற பதிலுக்கு முன்னால் ‘சாம்பிளைக் குடுத்துட்டுப் போங்க’ என்று கேட்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

கணவாய் கொண்டுவரும் மூன்று

கோவைக்கு மேற்கே மலை நடுவே திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். கார் ரப்பருக்கு அந்தக் கணவாயோடு மூன்று விதத்தில் உறவு.

ஒன்று, இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு விளைவது கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில். ரப்பர் வாரியத்தின் தலைமையிடமும் கோட்டயம்தான்.

இரண்டு, காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கணவாய் வழியே பாய்ந்து வரும் அந்தக் காற்று தூசையும் தூக்கி வரும். கதவு பீடிங் நைந்த கார் என்றால், ஆடி மாதத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினாலும் டேஷ்போர்டில் விரலால் பெயர் எழுதலாம்.

மூன்று, மழை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் கோவை நகரத்தில் தென்மேற்குப் பருவமழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. அதனால் வண்டியில் ஒழுகல் இருப்பதே பல மாதங்கள் தெரியாமல் போகும். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். முன்சீட்டில் இருப்பவரின் முழங்காலில் சொட்டுச் சொட்டாக விழும். கோவை வெயில் மறைத்து வைத்ததை வால்பாறை மழை காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் கேள்வி: பசை வேணுமா?

‘ஏனுங்க, எந்தப் பசை போடலாமுங்க?’ என்று கேட்டுக்கொண்டு வருபவருக்கு, விவரமான மெக்கானிக் உடனே டியூபை எடுத்து நீட்ட மாட்டார். அவர் முதலில் பார்ப்பது, அந்த ரப்பர் எப்படி நிற்க வேண்டிய ரப்பர் என்பதை. பழைய காரில் இருக்கும் ரப்பர்கள் மூன்று ஜாதி.

* தானாக நிற்பவை: தகட்டின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் பீடிங், தகட்டில் ஓடும் பள்ளத்துக்குள் செருகும் பீடிங், வயர் நுழையும் ஓட்டைக்குப் போடும் குரோமெட் எல்லாம் இதில் வரும். அளவு சரியாக இருந்தால் பசையே வேண்டாம். பசை போட்டுத்தான் நிற்கிறது என்றால், ரப்பர் தவறான அளவு அல்லது தகடு வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

* கண்ணாடியைப் பிடிப்பவை: அம்பாசிடர், பழைய பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளில் முன்கண்ணாடியைச் சுற்றி வரும் தடித்த ரப்பர். இதையும் பசை போட்டு ஒட்டுவதில்லை. கண்ணாடியைச் சுற்றி முதலில் ரப்பரை மாட்டி, ரப்பரின் உள்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி விடுவார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வர வர, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே விழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகும் கசிந்தால், காயாமல் களிம்பாகவே இருக்கும் சீலன்ட்டை ரப்பரின் இடுக்கில் லேசாகச் செலுத்தினால் போதும்.

* ஒட்ட வேண்டியவை: தட்டையான கதவு விளிம்பு, டிக்கி மூடி, பானெட் ஓரம் போன்ற இடங்களில் கவ்விக்கொள்ள வழியில்லாத ரப்பர்கள். பசைக்கு உண்மையான வேலை இங்கே மட்டும்தான்.

இப்படிப் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பசை மிச்சமாகிவிடும். பழைய காரில் தேவையில்லாத இடத்தில் போடும் பசைதான் பின்னாளில் அதிகத் தொல்லை தருவது.

எந்தப் பசை எதற்கு?

கடையில் கிடைக்கும் எல்லாப் பசையும் ‘நல்லாப் பிடிக்கும்’ என்றுதான் சொல்லும். எதைப் பிடிக்கும், எத்தனை நாள், எப்படி விடும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சிந்தெடிக் ரப்பர் பசை: ஆசாரிகள் மைக்கா ஷீட் ஒட்டவும், செருப்புக் கடையில் சோல் ஒட்டவும், சீட் கவர் போடுபவர்கள் ரெக்சின் ஒட்டவும் பயன்படுத்தும் மஞ்சள் நிறப் பசை. இதில் இருப்பது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். 1930-களின் தொடக்கத்தில் டுபான்ட் கம்பெனி உலகுக்குக் கொண்டுவந்தது. காய்ந்த பிறகும் இது ரப்பராகவே இருப்பதால், பீடிங் அமுங்கும்போது தானும் வளைந்து கொடுக்கும். கார் பீடிங்குக்கென்றே டியூபில் விற்கும் பசைகளில் பலவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். கறுப்பு நிறத்தில் கிடைத்தால் நல்லது. கை தவறி வெளியே வழிந்தாலும் கண்ணை உறுத்தாது. பெரும்பாலான கதவு பீடிங்குக்கு இதுவே போதும்.

பஞ்சர் சொல்யூஷன்: டியூபுக்குப் பட்டி போடுவது. ரப்பரோடு ரப்பரைச் சேர்க்கப் பிறந்தது. பெயின்ட் அடித்த தகட்டில் இதற்குப் பிடி குறைவு.

ஒரு நொடிப் பசை: வெட்டிய ரப்பரின் இரண்டு முனைகளைச் சேர்க்க ஒரு சொட்டு போதும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. காய்ந்தால் கண்ணாடி போல் விறைப்பாகிவிடும். ஒவ்வொரு முறை கதவை அடிக்கும்போதும் அதிர்ந்து, கடைசியில் துண்டு துண்டாக விட்டுவிடும். இரண்டு குழம்பைக் கலந்து போடும் எபாக்சிப் பசைக்கும் இதே குணம்தான்.

சிலிக்கான்: பாத்ரூம், மீன்தொட்டிக்குப் போடும் சாதாரண சிலிக்கானில் வினிகர் வாசனை வரும். காயும்போது அதிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுவதுதான் காரணம். வெறும் இரும்புத் தகட்டில் பட்டால் துருவுக்கு அதுவே பிள்ளையார் சுழி. இன்னொரு தொல்லையும் உண்டு. சிலிக்கான் பட்ட இடத்தை எவ்வளவு துடைத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் சின்னச் சின்னக் குழியாக விலகி நிற்கும்.

பாலியூரித்தேன்: புதிய கார்களின் முன்கண்ணாடியை ஒட்டும் பலசாலிப் பசை. புதிய காரில் அந்தக் கண்ணாடி உடம்பின் உறுதிக்கே உதவுகிறது. அதனால் அவ்வளவு பலம் தேவை. ரப்பரில் உட்காரும் பழைய கண்ணாடிக்கு இதைப் போட்டால், அடுத்த முறை கழற்றும்போது கத்தி போட்டு அறுக்க வேண்டும். பெயின்ட்டும் கூடவே வரும். வேறு கிடைக்காத பழைய கண்ணாடியே உடைந்தும் போகலாம்.

பசையைப் போலவே ரப்பரையும் கவனிக்க வேண்டும். பழைய கார்களில் வந்தது பெரும்பாலும் இயற்கை ரப்பர். காற்றில் இருக்கும் ஓசோன் பட்டுப் பட்டு அது வெடித்துவிடும். இப்போது கடைகளில் கிடைக்கும் பீடிங்குகள் பலவும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வெயிலும் ஓசோனும் அதை அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது. ஆனால், பசை பிடிப்பதில் அது கொஞ்சம் பிடிவாதக்காரர். எனவே வாங்கும்போதே ‘இது என்ன ரப்பர், இந்தப் பசை இதற்கு ஆகுமா?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது. பசை டப்பாவிலும் அது எழுதியிருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. விரல் நீளத் துண்டு ரப்பரை, பெயின்ட் அடித்த ஒரு பழைய தகட்டில் ஒட்டி ஒரு நாள் வெயிலில் வைத்து, மறுநாள் இழுத்துப் பார்க்கலாம். காரில் தோற்பதைவிடத் துண்டில் தோற்பது மலிவு.

ஒட்டுவது அரை மணி... தயார் செய்வது அரை நாள்

1. பழைய ரப்பரையும் பசையையும் பிளாஸ்டிக் அல்லது மரச் சீவலால் சுரண்டி எடுக்க வேண்டும். ஸ்குரூ டிரைவர் வேண்டாம். அது போடும் கீறல்தான் நாளைய துரு.

2. அடியில் துரு தெரிந்தால் வேலை அங்கேயே நிற்க வேண்டும். துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர், பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிட்டுத்தான் அடுத்த கட்டம். புதுப் பெயின்ட்டின் மேல் அவசரமாக ஒட்டினால், பசையில் இருக்கும் கரைப்பான் பெயின்ட்டைக் கிளப்பிவிடும்.

3. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் குச்சி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பீடிங்கோ பசையோ அவற்றை மூடக் கூடாது.

4. பசை இல்லாமல் ரப்பரைப் பொருத்திக் கதவை மூடிப் பார்க்க வேண்டும். நடுவே ஒரு துண்டுக் காகிதம் வைத்து மூடி, இழுத்தால் இறுக்கமாக உரசிக்கொண்டு வர வேண்டும். சும்மா வந்தால் அந்த இடத்தில் காற்று வரும். கதவே மூடாமல் அடம்பிடித்தால் ரப்பர் தடிமன் அதிகம்.

5. புது ரப்பரின் பளபளப்பான அடிப்பக்கத்தை உப்புத்தாளால் லேசாக உரச வேண்டும். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய மெழுகு அதன் மேல் இருக்கலாம். பிறகு, தகட்டையும் ரப்பரையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம். பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்தோடு எண்ணெய்ப் பிசுக்கும் தங்கும்.

6. இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பசை. டப்பாவில் சொன்ன நேரம் வரை காத்திருந்து, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்த வேண்டும். பலர் தப்பு செய்வது இங்கேதான். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே கரைப்பான் மாட்டிக்கொண்டு ரப்பர் வழுக்கும். பதம் வந்த பின் தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் ஒரே நேரத்தில் முழுக் கதவுக்கும் பூசாமல், ஒரு அடி ஒரு அடியாகப் போவது நல்லது.

7. ரப்பரை இழுத்து ஒட்டவே கூடாது. இழுத்த ரப்பர் சில வாரங்களில் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். மூலையில் விலகும், இணைப்பில் வாய் பிளக்கும். மூலைகளில் கொஞ்சம் தாராளமாகவே விட வேண்டும். இரண்டு முனையும் சேரும் இணைப்பு கதவின் அடிப்பக்கம் வந்தால் நல்லது.

8. மாஸ்கிங் டேப்பால் ஆங்காங்கே பிடித்துவைத்து ஒரு நாள் விட வேண்டும். கதவு படும் பக்கத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால், மூடும்போது ஒட்டிக்கொண்டு பிய்ந்து வராது.

நேரமும் முக்கியம். மழை ஈரம் நிறைந்த நாளில் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். அதன் மேல் ஒட்டியது நிற்காது. ஆடிக்காற்றில் பசையின் மேல் தூசு படியும். சித்திரை மத்தியானத்தில் மேலே தோல் காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும். கோவை வாட்டத்துக்கு, பனி விலகிய தை, மாசி மாதக் காலை வேளைதான் வசதி.

ஒட்டிய பிறகு ரப்பர் கறுப்பாகத் தெரிய வேண்டுமென்று இன்ஜின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ தடவுபவர்கள் உண்டு. இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பிவிடும். ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

மூச்சுக்கும் ஒரு விலை

இந்தப் பசைகளில் பலவற்றின் கரைப்பான் தீப்பற்றக்கூடியது. தொடர்ந்து மூச்சில் ஏறினால் தலைசுற்றல், குமட்டல் வரும். வருடக்கணக்கில் பழகினால் நரம்பையும் பாதிக்கும். சின்னக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு நாளெல்லாம் இதே வேலை பார்க்கும் பையன்களுக்குத்தான் ஆபத்து அதிகம். காற்றோட்டமான இடம், பக்கத்தில் பீடியோ வெல்டிங்கோ இல்லாமல் பார்த்துக்கொள்வது, வேலை முடிந்ததும் மூடியை இறுக்கிக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது, இவற்றுக்குப் பெரிய செலவில்லை. வண்டியை விட்டுவிட்டு வருபவரும் ‘எங்கே வெச்சு ஒட்டுவீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

விட்டுக்கொடுக்கும் பசை

ஒரு முழ ரப்பருக்கு இத்தனை யோசனை எதற்கு?

தண்ணீர் வெளியே சொட்டினால் கண்ணுக்குத் தெரியும். தவறாக ஒட்டிய பீடிங்குக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் தெரியாது. அது கதவின் அடித்தகட்டையும் கால் வைக்கும் தரையையும் உள்ளிருந்தே தின்னும். பெயின்ட் கொப்பளித்து வெளியே தெரியும்போது, தகட்டில் விரல் நுழையும் ஓட்டை இருக்கும். இன்ஜினுக்கு மாற்று இன்ஜின் கிடைக்கலாம். சென்னையில் தயாராகி நின்றுபோன ஸ்டாண்டர்டு ஹெரால்டின் உடம்புக்கோ, 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் ஆரம்பகாலக் கதவுக்கோ மாற்றுத் தேடி அலைய வேண்டும்.

சட்டமும் இப்போது அந்த உடம்புக்கு மதிப்புக் கொடுக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதலில் பதிவாகி 50 ஆண்டுகள் தாண்டி, அசல் வடிவிலேயே பராமரிக்கப்படும் தனிப்பட்ட உபயோக வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். தினசரி ஓட்டத்துக்கு அனுமதியில்லை. ஆனால், சேஸிஸ், உடம்புக்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அழுகிய உடம்பை அறுத்து வேறு உடம்பு போட்ட காருக்கு அந்த இடம் கிடைப்பது கஷ்டம்.

மியூசியங்களில் பழம்பொருளைக் காப்பவர்கள் ஒரு கொள்கை வைத்திருப்பார்கள். இன்று செய்யும் வேலையை நாளை வருபவர், பொருளுக்குச் சேதமில்லாமல் திரும்ப எடுக்க முடிய வேண்டும். கார் ரப்பர் எப்படியும் சில வருடங்களில் கெட்டியாகும், வெடிக்கும், மறுபடி மாற்ற வேண்டி வரும். அன்றைக்கு அந்த வேலையைச் செய்யப் போவது இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகக்கூட இருக்கலாம். அந்தப் பிள்ளையின் கைக்குத் தகடு பழுதில்லாமல் வர வேண்டும். அதனால், பழைய காருக்கு நல்ல பசை எது என்றால், இருக்கும் வரை உறுதியாகப் பிடித்து, எடுக்கும் நாளில் தகட்டை விட்டுக்கொடுக்கும் பசை. எதனாலும் பிரிக்க முடியாத பசை பழைய காருக்கு நண்பன் அல்ல.

பிரித்துப் பார்த்துப் பூட்டிய ஒருவரின் ஊர் பீளமேடு. பிரிக்க முடிந்தால்தானே மறுபடி பூட்ட முடியும்!

போகிறவர்களுக்கு...

காந்திபுரத்திலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் அவிநாசி ரோட்டில் பீளமேடு, ஹோப் காலேஜ் வழியாகப் போகும் டவுன் பஸ்கள் நிறைய. விமானத்தில் வருபவர்களுக்குக் கோவை விமான நிலையமே பீளமேட்டின் கிழக்கு ஓரத்தில்தான். ஜி.டி. கார் மியூசியத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. கிளம்பும் முன் நேரத்தையும் கட்டணத்தையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டில் பழைய கார் இருப்பவர்கள், பிய்ந்த பீடிங்கில் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால், திரும்பும் வழியில் பட்டறையில் காட்டி அளவு சொல்ல வசதியாக இருக்கும்.